குறைதீர்ப்பு அலுவலர் சுடலைச்செல்வி

"உங்க சேனல் மேல ஒரு புகார் சொல்லணும். யார்ட்ட சொல்லணும்?"

சுடலைச்செல்வி ஒரு கையில் போனும் மறு கையில் சீப்புமாக அடுக்களை வாசலில் நின்றாள். அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. மேற்கேயிருந்து வீசுகிற கச்சான் காற்று ஜன்னல் கதவைப் போட்டு அடித்தது.

"என்ட்டதான் சொல்லணும்."

"நீங்க யாரு?"

"குறைதீர்ப்பு அலுவலர். சுடலைச்செல்வி."

அந்தப் பக்கமும் காற்று இரைந்தது.

"நியூஸ் வாசிக்காங்கள்லா, அந்தச் சுடலைச்செல்வியா?"

"ஆமா."

"அந்த நியூஸ எழுதுதது யாரு?"

"அதுவும் நான்தான்."

"நல்லாருக்கே! பந்து போடுததும் நீங்க, அம்பயரும் நீங்களா? சரி, கேட்டுக்கிடுங்க மேடம். நான் தருவைகுளம் விஜிலா. என் வீட்டுக்காரர உங்க டிவியில சாவடிச்சீங்கள்லா, ஸ்டெபின். அவரு பொண்டாட்டி."

செல்வி அடுப்பை அணைத்தாள். அந்தப் பெயரால் அவளுக்குச் சாப்பாடே மறந்து போயிருந்தது. நாலைந்து நாளாக இப்படித்தான். காலையில் வெறும் வயிற்றில் காப்பி, மத்தியானம் மறுபடி காப்பி, அதன் மேல் கவலை.

அவள் அலுவலர் ஆன கதை ஒன்றும் பெரிதில்லை. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஆற்றுப் பாசன ஊர். நெல் விளைக்கிற குடும்பம். தமிழ் படித்தாள். துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிற பேச்சிராஜாவைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தாள். மூணாவது மைல் பகுதியில் வாடகை வீடு. சிவசுப்பிரமணியன் அண்ணாச்சி அப்போது எவர்சில்வர் பாத்திரக்கடையும் கேபிள் தொழிலும் வைத்திருந்தார். கேபிளில் பிறந்தநாள் வாழ்த்து வாசிக்க ஆள் தேடினார். 'ழ'கரம் ஒழுங்காக வருகிற பெண்ணாக இருக்கிறாளே என்று செல்வியை எடுத்துக்கொண்டார். பிறகு பாத்திரக்கடை மாடியில் இரண்டு அறை போட்டு 'கரையோரம் செய்திகள்' தொடங்கினார். கேபிளிலும் யூடியூபிலும் தினமும் மாலை ஏழு மணிக்கு நேரலை. செய்தி சேகரிப்பது, எழுதுவது, முகத்தில் பவுடர் போட்டு வாசிப்பது எல்லாம் செல்வி. கேமரா ஒரு முக்காலியில் தானே நிற்கும். ஸ்விட்ச் போடுவது அண்ணாச்சி.

இணையத்தில் செய்தி போடுகிறவர்கள் புகார் கேட்க ஓர் ஆளை நியமித்து, அவர் பெயரையும் போன் நம்பரையும் வெளியில் தெரியப் போடவேண்டும் என்று விதி பற்றிப் பேச்சு வந்தபோது அண்ணாச்சி அறையைச் சுற்றிப் பார்த்தார். செல்வியும் மின்விசிறியும்தான் இருந்தார்கள். "உன் பேரையே போட்டிருதேன்," என்றார். செல்வியும் தலையாட்டினாள். அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு புகார்கூட வரவில்லை. வந்த முதல் புகார் அவள் மேலேயே வந்திருக்கிறது.

"சொல்லும்மா, என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"போன்ல சொல்ல முடியாது. நேர்ல வாங்க. எங்க வீட்ட நீங்களும் பாக்கணும்லா," என்று வைத்துவிட்டாள் விஜிலா.

செல்வி இட்லியைப் பாதி வேக்காட்டில் போட்டுவிட்டுக் கிளம்பினாள். "ஏளா, தின்னுட்டுப் போ," என்று உள்ளேயிருந்து பேச்சிராஜா சத்தம் போட்டான். அவள் அதற்குள் தெருமுனைக்குப் போயிருந்தாள்.

நடந்தது இதுதான். போன வாரம் ஒரு சாயங்காலம், ஏழு மணிச் செய்திக்கு அவள் நாற்காலியில் உட்காரப் போகிற நேரத்தில் ஒரு போன். தருவைகுளத்து ஜோஸ்டன்; மீன் ஏலச் செய்தி, விசைப்படகுத் தகராறு என்று முன்பும் அவ்வப்போது தகவல் சொன்ன பையன். போனில் காற்றும் எஞ்சின் சத்தமும் கலந்து இரைந்தது. "யக்கா, அண்ணன் ஸ்டெபின் கடல்ல தவறிட்டான். உடனே நியூஸ்ல போடுங்க. எல்லா..." என்றான். அதற்கு மேல் கேட்கவில்லை. அண்ணாச்சி விரலைக் காட்டி எண்ணத் தொடங்கிவிட்டார். செல்வியின் ஊரில் ஒருவர் தவறிட்டார் என்றால் செத்துப்போனார். வேறு அர்த்தமே கிடையாது. பெரியப்பா தவறிட்டாரு, மேலத்தெரு ஆச்சி தவறிட்டாங்க என்று கேட்டே வளர்ந்தவள். "சற்றுமுன் கிடைத்த தகவல். தருவைகுளத்தைச் சேர்ந்த மீனவர் ஸ்டெபின் கடலில் விழுந்து பலி," என்று வாசித்தாள். 'ழ'கரம் ஒழுங்காக வந்தது.

ஸ்டெபின் சாகவில்லை. வள்ளத்திலிருந்து விழுந்தவன் ஒரு காலி டீசல் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மிதந்தான். கச்சான் காற்று ஆளைக் கரைக்குக் கொண்டுவராது, வெளியேதான் தள்ளும். மறுநாள் மத்தியானத்துக்கு மேல் வேம்பார் வள்ளம் ஒன்று பார்த்துத் தூக்கியது. அதற்குள் ஊரில் என்னவெல்லாம் நடந்தது என்று செல்விக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அண்ணாச்சி வீடியோவை எடுத்துவிட்டார். "முடிஞ்சி போச்சு, விடு," என்றார். அவளும் விடத்தான் பார்த்தாள். தூக்கம்தான் விடவில்லை.

தருவைகுளத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஸ்டெபின் வீடு எது என்று ஒரு பெட்டிக்கடையில் கேட்டாள்.

"உயிரோட இருக்க ஸ்டெபினா, டிவியில செத்த ஸ்டெபினா?" என்றான் கடைக்காரன். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான்.

வீட்டுக்குள் ஸ்டெபின் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். மூக்கும் நெற்றியும் தோல் உரிந்து சிவந்திருந்தன. உதடு வெடித்து உலர்ந்திருந்தது. கேன் உரசின இடம், இரண்டு கக்கத்திலும் புண். அதில் எண்ணெயைப் போட்டு வைத்திருந்தார்கள். எண்ணெய் போடவே கூடாது என்று செல்விக்குத் தோன்றியது. சொல்ல வந்தது அதுவா என்று வாயை மூடிக்கொண்டாள். ஸ்டெபின் அவளைப் பார்த்துக் கையைத் தூக்கிக் கும்பிட்டான். அதுதான் தாங்கவில்லை. அவன் திட்டியிருக்கலாம்.

விஜிலா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். கண் உள்ளே போயிருந்தது.

"உக்காருங்க மேடம். வரிசையாச் சொல்லுதேன். மொத, ரெண்டு வள்ளம் இவரத் தேடிப் போய்ட்டிருந்துச்சு. உங்க நியூஸ் வாட்ஸப்ல வந்ததும், பாடி கிடைச்சிட்டு போலன்னு கரையிலருந்து வயர்லெஸ்ல சொல்லித் திரும்பக் கூப்பிட்டுட்டாங்க. கோயில்ல துக்க மணி அடிச்சாச்சு. எங்க ஆளுங்க பெரியாஸ்பத்திரி பிணவறை வாசல்ல போய் நின்னாங்க. இல்லாத பாடிக்குக் காத்துக் கெடந்தாங்க. எனக்குப் பிள்ளைக்குப் பால் குடுக்கணும்ங்கதே மறந்து போச்சு. நெஞ்சு கல்லாட்டம் கட்டி, காய்ச்சல்."

"இப்ப காய்ச்சல் இருக்கா?"

"இல்ல. அதுவா இப்ப?" விஜிலா எரிந்து விழுந்தாள். "பிணவறையில பாடி இல்லன்னதும் உங்க ஆபீசுக்கு எங்க மாமா போன் போட்டாரு. உங்க மொதலாளி என்ன சொன்னாரு தெரியுமா? 'எங்களுக்கு என்ன தெரியும், உங்க வீட்டு ஜோஸ்டன்தான் செத்துட்டான்னு போன் போட்டான்'னாரு."

செல்விக்கு இது தெரியாது.

"பேரச் சொன்னாரா?"

"பேரோட சொன்னாரு. இப்ப எங்க அத்த, பெத்தவளே, அவனுக்குச் சோறு போட மாட்டுக்கா. கூடப் பொறந்த அண்ணனத் தேடப் போகாம, செத்துட்டான்னு டிவிக்காரனுக்குப் போன் போட்டவன்னு ஊரே சொல்லுது. 'ஏலே ரிப்போர்ட்டரு'ன்னு கூப்பிடுதாங்க. அவன் வீட்டுக்கே வாரதில்ல. ஏலக்கூடத்துல கெடக்கான். தொழிலுக்குப் போகல. மூஞ்சி சரியில்ல யக்கா." மேடம் எப்போது யக்காவானது என்று அவளே கவனிக்கவில்லை. "இவரு உயிரோட வந்துட்டாரு. அவன இழந்திருவோமோன்னு இருக்கு. நீங்க எந்த வாயால சொன்னீங்களோ அந்த வாயால, அதே நேரத்துல, அவன் அப்பிடிச் சொல்லலன்னு சொல்லணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஸ்டெபினின் அம்மா முந்தானையை உதறி நிமிர்ந்தாள். "அவன் சொல்லாமலா இவ சொன்னா?"

செல்விக்கு அது ஜோஸ்டன் வாயிலிருந்தே தெரிய வேண்டியிருந்தது. எழுந்து ஏலக்கூடத்துக்கு நடந்தாள்.

ஜோஸ்டன் ஒரு பிளாஸ்டிக் மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். தாடி முளைத்திருந்தது. சட்டை அழுக்கு. கண்ணோரம் வீங்கியிருந்தது. தூங்காதவன் என்று பார்த்தாலே தெரிந்தது.

"அன்னைக்கு என்ன சொன்ன, ஜோஸ்டன்?"

"அண்ணன் தவறிட்டான்னேன்."

"தவறிட்டான்னா?"

"தவறிட்டான்னா, தவறிட்டான். வள்ளத்துலருந்து." அவன் ஏன் கேட்கிறாள் என்பதுபோலப் பார்த்தான். "எல்லா வள்ளமும் தேடட்டும், கோஸ்ட் கார்டுக்குத் தெரியட்டும்னு சொன்னேன். கேக்கலையா?"

"கேக்கல. எங்க ஊர்ல தவறிட்டாருன்னா..."

"இங்கனயும்தான். கெழவன் கெழவிக்குச் சொல்லுவோம். கல்யாணமாகி ரெண்டு வருசங்கூட ஆகாதவன் கடல்ல விழுந்தா, தவறிட்டான்னா விழுந்துட்டான்னு அர்த்தம். ஆளு இருக்கான், தேடணும்னு அர்த்தம். செத்தா செத்தான்னு சொல்ல மாட்டமா?" அவன் மீன்பெட்டியிலிருந்து எழுந்தான். "நீங்க ஏன் யக்கா திருப்பிக் கேக்கல? நான் போன வச்சிட்டு நேரா வள்ளத்துல ஏறித் தேடப் போனேன். திரும்பி வந்தா மணி அடிக்கான். யாருக்குன்னு கேட்டேன். என்னையே அடிக்க வாரான்."

"உயிரோடயா?" என்று ஒரே ஒரு வார்த்தை. அதைக் கேட்க மூச்சு ஒன்று விடுகிற நேரம்கூட ஆகாது. செல்வி பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த வார்த்தையை வாய்க்குள் மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தாள். பக்கத்து சீட்டுக்காரி நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஆபீசில் அண்ணாச்சி உற்சாகமாக இருந்தார். கம்ப்யூட்டரில் ஒரு படம் தயார். ஸ்டெபினின் கல்யாணப் போட்டோவை வெட்டி அலைக்கு நடுவில் வைத்து, சிவப்பு அம்புக்குறி போட்டு, 'மரணத்தை வென்ற மீனவர்! நடுக்கடலில் நடந்தது என்ன?' என்று எழுதியிருந்தது.

"ஏளா செல்வி, தருவைகுளம் போனியாமே! பேட்டி எடுத்தியா?"

"இல்ல அண்ணாச்சி. புகார் எடுத்துட்டு வந்திருக்கேன்."

"யார் மேல?"

"என் மேல. உங்க மேலயும்."

அண்ணாச்சி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினார்.

"வீடியோவ எடுத்துட்டம்லா. அப்புறம் என்ன?"

"நம்ம இடத்துலருந்து எடுத்தோம். அவன் அவன் போன்ல இருக்கத யார் எடுப்பா? இன்னைக்கு ஏழு மணிக்கு, மொதச் செய்தியா, தப்பாச் சொன்னோம்னு சொல்லணும்."

"கீழ ஓடுத எழுத்துல ஒரு வரி விடுதேன். போதும்."

"பலின்னு கீழயா ஓட விட்டோம்? உக்காந்து வாசிச்சேன்லா." செல்வி சுவரைக் காட்டினாள். ஏசி ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. திருநெல்வேலியில் நடந்த பயிற்சி வகுப்பில் கொடுத்தது. பத்திரிகைக்காரர் ஒழுக்க விதிகள். "இரண்டு பேரிடம் விசாரிக்காமல் சாவுச் செய்தி போடாதே. தகவல் தந்தவரைக் காட்டிக் கொடுக்காதே. பிழையைச் சொன்ன இடத்திலேயே திருத்து. மூணையும் மிதிச்சிருக்கோம்."

"அதெல்லாம் பெரிய பேப்பர்காரனுக்கு."

"அப்ப நம்ம ஏன் ஒட்டி வச்சிருக்கோம்?"

"சுவத்துல வெடிப்பு இருந்துச்சு," என்றார் அண்ணாச்சி. உண்மையும் அதுதான். "நாமளே தப்புன்னு சொன்னா நாளைக்கு எவன் நம்மள நம்புவான்? கேஸ் போடுதவனுக்கு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆகும். நகைக்கடைக்காரன் விளம்பரத்த நிறுத்துவான்."

"ஜோஸ்டன் பேர ஏன் சொன்னீங்க?"

அண்ணாச்சி மேசைமேல் இருந்த டீ டம்ளரை இடம் மாற்றி வைத்தார். "அவங்க மாமாக்காரன் பாடி எங்கலேன்னு கத்துனான். பயந்துட்டேன். வாயில வந்துட்டு." டம்ளரைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, "சரி, மறுப்பு போடுவோம். நானே எழுதித் தாரேன். அத வாசி," என்றார்.

அவர் எழுதியது சுருக்கமாகவே இருந்தது. 'எங்களுக்குக் கிடைத்த தவறான தகவலின் அடிப்படையில் வெளியான செய்திக்கு வருந்துகிறோம்.' செல்வி அதை நின்றபடி படித்தாள், நடந்தபடி படித்தாள், குழாயில் முகம் கழுவிவிட்டு வந்து படித்தாள். யார் படித்தாலும் பொல்லாப்பு இல்லாத வாக்கியம். ஆனால் தவறான தகவல் கொடுத்தது யார்? ஜோஸ்டன். இதை வாசித்தால் அவன் இன்னும் ஒருமுறை கெட்டான். அவன் அம்மா சுவரோரத்திலிருந்து எழுந்திருக்க மாட்டாள்.

"அண்ணாச்சி, அவன் தப்பாச் சொல்லல. நான் தப்பாக் கேட்டேன்."

"எழுதினத வாசி. இல்ல, ரம்யா வாசிக்கட்டும்." ரம்யா அண்ணாச்சியின் தங்கை மகள். பாத்திரக்கடையில் பில் போடுகிறாள். கேமரா முன்னால் ஒருமுறை நின்று பார்த்திருக்கிறாள்.

"நானே வாசிக்கேன்," என்றாள் செல்வி.

சாயங்காலம்வரை ஓர் இடத்தில் உட்காரவில்லை. துறைமுகத்துக் கப்பல் வரவு எழுதினாள். உப்பளத்துத் தொழிலாளர் கூட்டம் எழுதினாள். எழுதினதை அழித்து மறுபடி எழுதினாள். ஜோஸ்டனுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. விஜிலாவுக்குப் போட்டு, "டிவி முன்னால உங்க அத்தைய உக்கார வைங்க," என்றாள். "அவ உக்காரணும்லா," என்றாள் விஜிலா. காற்று கூடியிருந்தது. மாடிக் கூரைத் தகரம் படபடத்துக்கொண்டே கிடந்தது.

ஏழு மணிக்கு விளக்கு எரிந்தது. அண்ணாச்சி எழுதின தாள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. செல்வி கேமராவைப் பார்த்தாள்.

"வணக்கம். போன வாரம் இதே நேரத்தில், இதே இடத்தில் உட்கார்ந்து, தருவைகுளம் மீனவர் ஸ்டெபின் கடலில் விழுந்து பலியானதாக நான் வாசித்தேன். அது பொய்ச் செய்தி. அவர் உயிரோடு இருக்கிறார்."

ஸ்விட்ச் பக்கத்தில் அண்ணாச்சியின் கை உயர்ந்தது.

"எங்களுக்குத் தகவல் தந்தவர் சரியாகத்தான் சொன்னார். அண்ணன் தவறிட்டான், எல்லோரும் தேட வேண்டும் என்று சொன்னார். தவறிட்டான் என்றதை இறந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டது நான். திருப்பிக் கேட்கவில்லை. வேறு யாரையும் விசாரிக்கவில்லை. பேசி முடித்ததும் அவர் தேடத்தான் போனார். எங்கள் செய்தியை நம்பி, தேடப் போன மற்ற வள்ளங்கள் திரும்பின. பிறகு, தகவல் தந்தவரின் பெயரை வெளியில் சொன்னோம். அதுவும் நாங்கள் செய்யக்கூடாத காரியம். அந்தக் குடும்பத்திடமும் ஊரிடமும் மன்னிப்புக் கேட்கிறோம்."

அண்ணாச்சியின் கை ஸ்விட்ச்மேல் நின்றது. அணைத்தால் நேரலை போகும். அதோடு திரையின் மூலையில் ஒளிர்கிற நகைக்கடைப் பெயரும் போகும். கையை எடுத்துவிட்டார். செல்வி கப்பல் வரவுக்குப் போனாள். அதை வாசிக்கும்போதுதான் 'ழ' ஒன்று 'ள' ஆயிற்று.

முடிந்ததும் அண்ணாச்சி கத்தவில்லை. சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டேயிருந்தது, எடுக்கவில்லை.

"நாளைலருந்து ரம்யா வாசிப்பா," என்றார்.

"நான்?"

"நீ குறைதீர்ப்பே பாரு. அதுக்கு வேற ஆளு யாரு இருக்கா?"

மறுநாள் காலையில் வீட்டில் செல்வியின் போன் ஓயவில்லை. ஊரில் பாதிப்பேர் நேரலையைப் பார்த்திருக்கிறார்கள் போல. எங்க தெருவுல தண்ணி வரல மேடம் என்றார் ஒருவர். அது கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு, இது வேற என்று விளக்கினாள். அவர் புரிந்துகொள்ளாமல் தெருவிளக்குக்குப் போனார். ஒரு டீக்கடைக்காரர், கெட்ட எண்ணெய்ச் செய்தியில் பக்கத்துக் கடைக்குப் பதிலாகத் தன் கடைப் படம் வந்ததாகச் சொன்னார். அதை எழுதிக்கொண்டாள். மகள் விஷம் குடித்த செய்தியில் பெயரும் தெருவும் வந்ததால் கல்லூரிக்கே அனுப்ப முடியவில்லை என்று ஒரு தகப்பன் பேசினார். அந்தச் செய்தியையும் செல்விதான் வாசித்திருந்தாள். எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. நாற்காலி போய்விட்டது, நாற்காலியில் இருந்தபோது சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வரும்போலிருக்கிறது.

"தின்னுட்டுப் பேசேன்," என்றான் பேச்சிராஜா.

அப்போது ஜோஸ்டன் நம்பர் வந்தது. எஞ்சின் சத்தமும் காற்றும்.

"யக்கா... சோறு..."

"என்ன? சோறுக்கு என்ன? சத்தமாச் சொல்லு!"

"சோறு தின்னேங்கேன்!"

"எங்க தின்ன?"

"எங்க வீட்லதான்."

"யாரு போட்டா?"

"அம்மாதான் யக்கா. நேத்து ராத்திரி."

"போட்டாளா, நீயா எடுத்துத் தின்னியா?"

"போட்டா யக்கா! இப்ப தொழிலுக்குப் போய்ட்டிருக்கேன், விடுங்க!"

செல்வி விடவில்லை. அவன் வைத்ததும் விஜிலாவுக்குப் போட்டாள்.

"ஜோஸ்டன் சோறு தின்னானா?"

"அவனே போன்ல சொல்லுதேன்னானே?"

"சொன்னான். நான் ரெண்டாவது ஆள்ட்டயும் கேக்கணும்."

விஜிலா சிரித்தது காற்றையும் மீறிக் கேட்டது. "தின்னான் மேடம். ரெண்டாவது மட்டமும் கேட்டு வாங்கித் தின்னான். அத்த ஒண்ணும் பேசல, ஆனா குழம்ப ஊத்துனா. உறுதியான தகவல், போட்டுக்கிடுங்க."

"புண்ணுல எண்ணெய் போடாதீங்க," என்றாள் செல்வி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த போன் காத்திருக்கிற சத்தம் காதில் குத்தியது.